பூஞ்சை நச்சைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்: உருவாக்கியபோது கற்றவை

உணவுப் பொருள்களில் கலந்திருக்கும் பூஞ்சை நச்சுகளை எலைசா தட்டிலோ (நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும், சிறு குழிகள் நிறைந்த தட்டு) சோதனைப் பட்டையிலோ கண்டறிய உதவும் எதிர்ப்பொருள்களை, அதாவது ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை, ஆய்வகத்தில் உருவாக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறேன். இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும், எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லையும் சாகாமல் பெருகும் செல்லையும் ஒன்றாக்கும் செல் இணைப்பைத்தான் மிகக் கடினமான கட்டம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். அது பழகப் பழகக் கைவந்துவிடும் வேலை. ஓர் எதிர்ப்பொருளின் தலையெழுத்து வேறு இரண்டு இடங்களில்தான் தீர்மானமாகிறது. நச்சு மூலக்கூறை எந்த முனையில் புரதத்தோடு பிணைக்கிறோம் என்பது ஒன்று. நூற்றுக்கணக்கான செல் கூட்டங்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கியெடுக்கும்போது அவற்றிடம் என்ன கேட்கிறோம் என்பது மற்றொன்று. எதைக் கேட்டோமோ அதற்கான விடைதான் கிடைக்கும். கேட்காமல் விட்டதை எதிர்ப்பொருள் தானாக முன்வந்து தருவதில்லை.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. தீவனத்தில் சேர்க்கப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் நச்சே காரணம் என்று கண்டறியப்பட்டபோது அஃப்ளாடாக்சின் என்ற பெயர் பிறந்தது. ஆக்ராடாக்சின், ஸீராலினோன், டியாக்சிநிவலினால், 1988இல் இனங்காணப்பட்ட ஃபியூமோனிசின் என்று இன்று இந்தப் பட்டியல் நீண்டிருக்கிறது. 2004இல் கென்யாவில் அஃப்ளாடாக்சின் கலந்த மக்காச்சோளத்தை உண்டு 317 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 125 பேர் உயிரிழந்தனர். இந்த நச்சுகள் வழக்கமான சமையல் வெப்பத்தில் முற்றாக அழிவதில்லை. பூஞ்சையைத் துடைத்து நீக்கிவிட்டாலும் தானியத்துக்குள் தங்கிவிடுகின்றன. நிறை நிறமாலைமானி கொண்டு இவற்றைத் துல்லியமாக அளக்கலாம் என்றாலும், அந்தக் கருவியைத் தானியக் கிடங்கின் வாசலுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த வாசலில் சில நிமிடங்களில் ஒரு முடிவைச் சொல்ல எதிர்ப்பொருள் தேவைப்படுகிறது.

எந்தத் திட்டத்தையும் சட்டம் சொல்லும் உச்சவரம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தொடங்க வேண்டும் என்பது நான் முதலில் கற்றுக்கொண்ட நடைமுறை. நேரடியாக உண்ணப்படும் நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். 5 கிராம் மாவை 25 மில்லிலிட்டர் மெத்தனால் கலவையில் குலுக்கிப் பிரித்தெடுத்தால், அந்த உச்சவரம்பு மில்லிலிட்டருக்கு 0.4 நானோகிராமாக இறங்குகிறது. 70 சதவீத மெத்தனாலை எதிர்ப்பொருள் பொதுவாகத் தாங்காது என்பதால், அதை 10 சதவீதத்துக்குக் குறைக்க மேலும் 7 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். இப்போது நம் குழிக்குள் வந்து சேரும் நச்சின் அளவு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.06 நானோகிராம் மட்டுமே. இந்தச் சோதனையில் தட்டில் பூசிய நச்சும் மாதிரியில் உள்ள நச்சும் எதிர்ப்பொருளுக்குப் போட்டியிடுவதால், மாதிரியில் நச்சு கூடக் கூட நிறம் குறையும்; அந்த அளவிலேயே நிறம் கண்கூடாகக் குறைய வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மொத்த அஃப்ளாடாக்சினுக்கு வைத்திருக்கும் வரம்பான 20 மைக்ரோகிராமுக்கு இதே கணக்கைப் போட்டால் அரை நானோகிராமுக்குச் சற்று மேல் வரும். அதற்குப் பத்தில் ஒரு பங்கு உணர்திறனே போதும். பாலில் உள்ள எம்1 வகைக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் என்றாலும், கொழுப்பை நீக்கிய பாலை நீர்க்கச் செய்யாமலே சோதிக்க முடிவதால் அங்கே நிலைமை சற்று இலகுவாகிறது. குழிக்குள் வந்து சேரும் அளவான இந்த ஓர் எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டாமல், எதிர்ப்பொருள் உருவாக எலிக்கு ஊசி போடத் தொடங்கக் கூடாது என்று புதியவர்களிடம் வற்புறுத்துவேன். இலக்கு எண் இல்லாத குழு, கிடைத்த எதிர்ப்பொருளைச் சுற்றி ஒரு பயன்பாட்டைத் தேடிக்கொண்டிருக்கும்.

அடுத்து வேதியியல். அஃப்ளாடாக்சின் பி1இன் மூலக்கூறு எடை 312. ஆக்ராடாக்சின் ஏயின் எடை ஏறத்தாழ 404. இவ்வளவு சிறிய மூலக்கூறுகளை உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் பொருட்படுத்துவதே இல்லை. மாட்டுச் சீர ஆல்புமின் போன்ற ஒரு பெரிய புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால்தான் அதற்கு எதிரான புரதங்கள் உருவாகின்றன. இப்படிப் பிணைக்கப்படும் சிறு மூலக்கூறை ஹாப்டென் என்கிறோம். ஆக்ராடாக்சினில் இயல்பாகவே ஒரு கார்பாக்சில் தொகுதி இருப்பதால் அதை நேரடியாகப் புரதத்தின் அமீன்களோடு சேர்த்துவிடலாம். ஃபியூமோனிசினில் அமீன் தொகுதியே இருக்கிறது. அஃப்ளாடாக்சினில் இவை இரண்டும் இல்லை. எனவே அதன் கார்பனைல் தொகுதியை முதலில் ஆக்சைமாக மாற்றி, அதன் வழியாக ஒரு கார்பாக்சில் கையை ஒட்டவைத்த பிறகே புரதத்தோடு இணைக்க முடியும்.

பிணைக்கும் முனை எதிர்ப்பொருளின் பார்வைக்கு மறைந்துவிடுகிறது. எதிர்முனை பளிச்சென்று தெரிகிறது. அஃப்ளாடாக்சினைக் கார்பனைல் பக்கமாகக் கட்டினால், இரட்டை ஃபியூரான் வளையங்கள் வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். கிடைக்கும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அந்த வளையங்களைப் பற்றிக்கொள்ளும். ஃபியூரான் பக்கமாகக் கட்டினால் மறுமுனையின் வேறுபாடுகளை அவை கூர்ந்து கவனிக்கும். பி1, பி2, ஜி1, ஜி2 ஆகிய நான்கையும் சேர்த்து மொத்த அளவு கேட்கிறது ஒரு சட்டம். பி1ஐ மட்டும் தனியாகக் கேட்கிறது இன்னொன்று. முதலாவதற்கு நான்கையும் ஏறக்குறைய சமமாகப் பிடிக்கும் எதிர்ப்பொருள் வேண்டும், இரண்டாவதற்கு ஒன்றை மட்டும் பிடிப்பது வேண்டும். ஓர் எதிர்ப்பொருள் ஒத்த மூலக்கூறுகளையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்கு வினை என்றாலே குறை என்று பாடநூல் படித்தவர்கள் கருதுவார்கள். மொத்த அஃப்ளாடாக்சின் சோதனைக்கு அதுதான் நமக்கு வேண்டிய குணம். எனவே எந்தச் சட்டத்துக்கான சோதனை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே வேதியியலாளர் குடுவையைக் கையில் எடுக்க வேண்டும்.

பிணைப்பு முடிந்ததும் அது உண்மையிலேயே நடந்ததா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போவது வீண்செலவு. அஃப்ளாடாக்சின் 362 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை நன்கு உறிஞ்சும். வெறும் ஆல்புமின் அங்கே உறிஞ்சாது. ஊடுபிரிப்பு செய்து கட்டுப்படாத நச்சை முழுவதும் நீக்கிய பிறகும் அந்த அலைநீளத்தில் உறிஞ்சலின் முகடு நிற்கிறது என்றால் பிணைப்பு நடந்திருக்கிறது. ஊடுபிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு முகட்டைப் பார்த்து மகிழ்ந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மேலும், ஊசிக்கு ஒரு புரதத்தைப் பயன்படுத்தினால், தட்டில் பூசுவதற்கு ஓவல்புமின் போன்ற வேறொரு புரதத்தைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆல்புமினுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் எல்லாக் குழிகளையும் நிறமேற்றிவிடும். புரதத்தை மாற்றுவதோடு, இயன்றால் இணைக்கும் கையின் நீளத்தையும் வகையையும்கூட மாற்றுவது நல்லது. ஒரு பகுதி எதிர்ப்பொருள்கள் நச்சோடு அந்த இணைப்புக் கையையும் சேர்த்தே அடையாளம் கண்டுகொள்கின்றன. தட்டிலும் அதே கை இருந்தால் அவை தட்டை இறுகப் பற்றிக்கொண்டு, கரைசலில் மிதக்கும் நச்சைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அஃப்ளாடாக்சின்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் தொகுதியில் வகைப்படுத்தப்பட்டவை. உலர்ந்த பொடியாக இருக்கும்போதுதான் அபாயம் அதிகம். நிலைமின்னூட்டத்தால் துகள்கள் பறந்து ஒட்டிக்கொள்ளும். பொடியை எடை போடாமல், குப்பிக்குள்ளேயே கரைப்பானைச் செலுத்திக் கரைத்துக்கொள்வதே எங்கள் வழக்கம். பி வகை அஃப்ளாடாக்சின்கள் புறஊதா ஒளியில் நீலமாகவும், ஜி வகை பச்சையாகவும் ஒளிரும் என்பதால், வேலை முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிட்டுப் புறஊதா விளக்கை மேசைமீது காட்டுவோம். எதுவும் சிந்தவில்லை என்று உறுதியாகச் சொல்லும் மாணவரின் கையுறை விரல் நுனியிலும், பிப்பெட்டின் அழுத்துக்குமிழிலும், குறிப்பேட்டின் ஓரத்திலும் நீலப் புள்ளிகள் மினுங்கும். அதை ஒருமுறை பார்த்தவருக்குப் பாதுகாப்பு வகுப்பு தனியாக எடுக்க வேண்டியதில்லை. கறைபட்ட கண்ணாடிப் பொருள்களைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்து நச்சை அழிப்போம். அதன்பின் அசிட்டோன் சேர்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. ஆக்ராடாக்சினும் இப்படி ஒளிரும். ஆனால் ஃபியூமோனிசின், டியாக்சிநிவலினால் ஆகியவை தாமாக இவ்வாறு ஒளிர்வதில்லை என்பதால், அவற்றைக் கையாளும்போது இந்த விளக்கை நம்பி இருந்துவிடக் கூடாது.

சுண்டெலிகளுக்கு ஊசி போடும் கட்டத்தில், விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பிறகு, செய்ய வேண்டியது பெரும்பாலும் காத்திருப்பதுதான். சில வார இடைவெளிகளில் தொடர்ந்து ஊசி கொடுத்து, நடுநடுவே துளி இரத்தம் எடுத்துச் சீரத்தைச் சோதிப்போம். எந்த எலியின் சீரம் தட்டில் அதிகமாக ஒட்டுகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பது பரவலான பழக்கம். எங்கள் குழு அந்தப் பழக்கத்தைக் கைவிட்டது. சீரத்தோடு சிறிதளவு தனி நச்சைக் கலந்து, எந்த எலியின் சீரத்தில் நிறம் அதிகமாக வீழ்கிறதோ அந்த எலியின் மண்ணீரலையே செல் இணைப்புக்கு எடுத்துக்கொள்கிறோம். மிக உயர்ந்த சீர அளவு காட்டிய எலியும், மிக நன்றாக நச்சுக்கு மசிந்த எலியும் பல நேரங்களில் வேறுவேறாகவே இருக்கும்.

செல் இணைப்பு 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் காட்டிக்கொடுத்த வழிதான். அதற்காக அவர்கள் 1984இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எதிர்ப்பொருளைச் சுரக்கும் மண்ணீரல் செல்களையும், சாகாமல் பெருகும் மைலோமா செல்களையும் பாலிஎத்திலீன் கிளைக்காலின் உதவியால் ஒன்றாக்கி, அமினோப்டெரின் கலந்த ஊடகத்தில் வளர்க்கிறோம். இணையாத மைலோமா செல் அந்த ஊடகத்தில் பிழைக்காது. இணையாத மண்ணீரல் செல் சில நாள்களில் தானே மடியும். இரண்டின் குணமும் பெற்ற ஹைப்ரிடோமா மட்டும் மிஞ்சும். செய்முறைக் கையேடுகளில் இதற்குப் பக்கம் பக்கமாக விவரம் உண்டு. நான் சேர்க்க விரும்புவது ஒன்றே: இணைப்பு நடக்கும் நாளில் மைலோமா செல்கள் செழித்துப் பெருகிக்கொண்டிருக்கும் நிலையில் இருக்க வேண்டும். அடைசலாக நிரம்பி ஊடகம் மஞ்சளித்துப்போன குடுவையிலிருந்து எடுத்த செல்களை வைத்துக்கொண்டு பாலிஎத்திலீன் கிளைக்காலின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சலித்தெடுப்பு. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குழிகளில் வெண்மையான செல் திட்டுகள் வெறும் கண்ணுக்கே தெரியத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு குழியின் வளர்ப்புத் திரவத்திலும் தேவையான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நச்சும் ஓவல்புமினும் சேர்ந்த கூட்டுப்பொருள் பூசிய தட்டில் திரவத்தை ஊற்றி, நிறம் வந்தால் நேர்மறை என்று குறித்துக்கொள்வது எளிய வழி. இப்படிச் செய்தால் தட்டு முழுவதும் மஞ்சளாகி மனம் குளிரும். ஆனால் அந்த மஞ்சளில் பெரும்பகுதி நமக்குப் பயன்படாதது. கூட்டுப்பொருளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் வேறு, தனி நச்சைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் வேறு. உணவிலிருந்து வரப்போவது தனி நச்சு மட்டுமே.

ஆகவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வளர்ப்புத் திரவத்துக்கும் அருகருகே இரண்டு குழிகளை ஒதுக்குகிறோம். இடக்குழியில் வெறும் பஃபர் (நச்சில்லாத உப்புக் கரைசல்). வலக்குழியில் சிறிதளவு தனி நச்சு. ஒரு மணி நேரம் வைத்துக் கழுவி, முதல் எதிர்ப்பொருளைப் பற்றும், நொதி இணைத்த இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்த்து, மீண்டும் கழுவி, நிறமியை ஊற்றினால் குழிகள் முதலில் நீலமாகும். அமிலத்துளி விழுந்ததும் மஞ்சளாக மாறும். தட்டை வெள்ளைத் தாளின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தால், இணை இணையாக ஒரே மஞ்சள், ஒரே மஞ்சள் என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கோ ஓரிடத்தில் இடக்குழி நல்ல மஞ்சளாகவும் வலக்குழி வெளிறிய வைக்கோல் நிறத்திலும் நிற்கும். கருவி எண்களைச் சொல்வதற்கு முன்பே கண் அங்கே போய்விடும்.

இந்தச் சோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வளர்ப்புத் திரவத்தில் எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தால், வலக்குழியில் சேர்த்த சிறிதளவு நச்சு அதில் ஒரு பகுதியை மட்டுமே கட்டிப்போடும். மீதியிருப்பது தட்டை நிரப்பி நிறத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய்விடும். இரண்டு குழிகளும் கரும்மஞ்சளாகத் தெரியும் இணைகளில் மிகச் சிறந்த எதிர்ப்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். எனவே நிறம் உச்சமாக வந்த திரவங்களை எல்லாம், நச்சில்லாத குழியின் ஒளி உறிஞ்சளவு 1ஐ ஒட்டி வரும்வரை நீர்க்கச் செய்து மறுபடி சோதிக்க வேண்டும். மறுபக்கம், நிறம் சுமாராகவே வந்தாலும் நச்சு சேர்த்ததும் அது சடாரென்று விழும் திரவங்களை நிறம் போதவில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அங்கே செல்களின் எண்ணிக்கை குறைவு என்பதே பெரும்பாலும் காரணம்; நான்கு நாள் பொறுத்தால் நிறம் ஏறிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வலக்குழியின் நச்சு அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சுவரில் ஒட்டிய அந்த எண்ணை நோக்கி ஒவ்வொரு படியாக இறங்குவதுதான் சலித்தெடுப்பின் இலக்கணம். மெத்தனால் கலந்த பஃபரையும் இரண்டாம் சுற்றிலேயே நுழைத்துவிடுவது என் பரிந்துரை; கரைப்பானைத் தாங்காத எதிர்ப்பொருளுக்காக மாதக்கணக்கில் உழைத்துவிட்டுக் கடைசியில் கைவிட நேராது.

தேறிய செல்களைக் குறைந்தது இரண்டு முறை ஒற்றைச் செல் நிலையிலிருந்து வளர்த்துத் தூய்மைப்படுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். இரண்டு தனித்தனி கொள்கலன்களில், இயன்றால் இரண்டு கட்டடங்களில் சேமிப்பது அவசியம். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவின் தொற்று இருக்கிறதா என்று முறையாகச் சோதிக்க வேண்டும். அது ஊடகத்தைக் கலங்கச் செய்யாமலே செல்களை நலியவைக்கும். ஹைப்ரிடோமாக்கள் நெடுநாள் வளர்ப்பில் சுரக்கும் திறனை இழப்பதும் உண்டு. சுரக்காத செல் வேகமாகப் பெருகிச் சுரக்கும் செல்லை ஓரங்கட்டிவிடும்.

இதனால்தான் நல்ல எதிர்ப்பொருள் கையில் வந்த உடனே அதன் மரபணு வரிசையைப் படித்து வைத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வரிசை தெரிந்துவிட்டால் செல் செத்தாலும் எதிர்ப்பொருள் சாகாது. வேறொரு செல்லில் அதை மீண்டும் உருவாக்கலாம். படிக்கும்போது ஒரு விழிப்பு தேவை. பரவலாகப் பயன்படும் மைலோமா செல்கள் சில, செயல்படாத ஒரு லகுச் சங்கிலியின் (எதிர்ப்பொருளின் இரு வகைச் சங்கிலிகளில் சிறியது) ஆர்என்ஏவைத் தம்மோடு சுமந்துகொண்டிருக்கின்றன. முதலில் கிடைக்கும் வரிசை அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை அடையாளம் கண்டு விலக்கி, மறுஉருவாக்கிய புரதம் நச்சு அளவுக்கு ஏற்ப நிறம் குறைவதைக் காட்டும், பழைய எதிர்ப்பொருளின் அதே வளைவைத் தருகிறதா என்று ஒப்பிட்ட பின்பே வரிசையை உறுதி செய்ய வேண்டும்.

வரிசை கையில் இருந்தால் மரபணுப் பொறியியலின் கதவுகளும் திறக்கின்றன. இரு சங்கிலிகளின் பற்றும் பகுதிகளை மட்டும் ஒரு சிறு இணைப்பால் கோத்து ஒற்றைச் சங்கிலித் துண்டாக்கிப் பாக்டீரியாவில் உற்பத்தி செய்யலாம். ஃபேஜ் எனும் பாக்டீரிய வைரசின் மேற்பரப்பில் கோடிக்கணக்கான மாற்று வடிவங்களைக் காட்சிப்படுத்தி, சிறந்ததைப் பொறுக்கலாம். 1985இல் ஜார்ஜ் ஸ்மித் தொடங்கிவைத்த இந்த வழி 2018இல் நோபல் பரிசு வரை சென்றது. ஆனால் துண்டாக்கியதும் பற்றும் வலிமை குறைவதையும், புரதம் ஒன்றோடொன்று திரண்டு படிவதையும் அடிக்கடி பார்க்கிறோம். பாக்டீரியாவில் செய்தால் செலவு குறையும் என்ற கணக்கு, படிந்துபோன புரதத்தை மீட்டெடுக்கும் உழைப்பைச் சேர்த்தால் பல நேரம் பொய்த்துவிடுகிறது. ஒட்டகக் குடும்ப விலங்குகளில் லகுச் சங்கிலியே இல்லாத எதிர்ப்பொருள்கள் இருப்பது 1993இல் வெளியானது. அவற்றின் பற்றும் பகுதியான நானோபாடி வெப்பத்தையும் கரைப்பானையும் பொதுவாக நன்கு தாங்குகிறது என்பதால் நம் துறைக்கு அது கவர்ச்சியானது. அதைவிட எனக்குப் பிடித்த பயன் வேறு. நச்சைப் பற்றும் எதிர்ப்பொருளின் பிடியில் நச்சைப் போலவே பொருந்தும் இன்னொரு நானோபாடியை ஃபேஜ் தொகுப்பிலிருந்து பொறுக்கியெடுத்து, தட்டில் நச்சுக் கூட்டுப்பொருளுக்குப் பதிலாக அதையே பூசலாம். சோதனைப் பெட்டி தயாரிக்கும் தொழிலாளர் நச்சைத் தொடும் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது.

பஃபரில் அழகான வளைவைத் தரும் எதிர்ப்பொருள் உணவுச் சாற்றில் அப்படியே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கொழுப்பு, நிறமி, பாலிஃபீனால், உப்பு, அமிலத்தன்மை ஆகிய ஒவ்வொன்றும் நிறத்தைக் குறைக்கும்; போட்டிமுறைச் சோதனையில் நிறம் குறைந்தால் நச்சு இருக்கிறது என்றுதான் பொருள்படும் என்பதால், சுத்தமான சரக்குக்குக் கெட்ட பெயர் வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நச்சில்லாத உணவின் சாற்றிலும் வெறும் பஃபரிலும் ஒரே நாளில் இரண்டு அளவுகோல் வளைவுகளைப் போட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். விலகினால் சாற்றை மேலும் நீர்க்கச் செய்வதே முதல் வைத்தியம். இங்கேதான் எதிர்ப்பொருளின் மிகையான உணர்திறன் கைகொடுக்கிறது: தேவைக்கு மேல் ஐந்து மடங்கு கூர்மையாக இருந்தால் ஐந்து மடங்கு கூடுதலாக நீர்க்கச் செய்து தொல்லைகளை விலக்கலாம். கூர்மையான எதிர்ப்பொருளைத் தேடி அலைவதன் உண்மையான பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன். காப்பிக்கொட்டை, மிளகாய் போன்ற அடர்நிறப் பொருள்களுக்கு நீர்க்கச் செய்வது மட்டும் போதாது. எதிர்ப்பொருளையே மணிகளில் கட்டிய சிறு குழாயில் சாற்றைச் செலுத்தி, நச்சை மட்டும் பிடித்துவைத்துக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

நச்சில்லாத மாதிரி என்று ஒன்றைப் பிடிப்பதே பெரும்பாடு. கடையில் வாங்கிய மாவை வெற்று மாதிரி என்று எழுதிவைப்பதற்கு முன் அதை நிறை நிறமாலைமானியில் சோதிக்கக் கொடுக்க வேண்டும். வெற்று மாவில் நச்சுக் கரைசலைச் சொட்டி, திரும்பக் கிடைக்கும் அளவைக் கணக்கிடுவதோடும் நின்றுவிடக் கூடாது. மேலே சொட்டிய நச்சு எளிதில் கரைந்து வந்துவிடும். பூஞ்சை தானியத்துக்குள்ளேயே உண்டாக்கிய நச்சு அவ்வளவு சுலபமாக வெளிவராது. இயற்கையாக மாசுபட்டு, வேறு முறையால் அளவு உறுதிசெய்யப்பட்ட மாவுகளைச் சேகரித்துவைப்பது எதிர்ப்பொருள்களைச் சேகரிப்பதற்குச் சற்றும் குறையாத சொத்து. தானியச் செடி டியாக்சிநிவலினாலோடு குளுக்கோசைச் சேர்த்து மறைத்துவைக்கும் வடிவத்தையும் நம் எதிர்ப்பொருள் பிடிக்கிறதா என்று பார்த்து வைப்பது நல்லது. பிடித்தால் எலைசா முடிவு நிறமாலைமானி முடிவைவிட உயரமாக வரும். காரணம் தெரியாதவர்கள் சோதனையைப் பழிப்பார்கள்.

எதிர்ப்பொருள் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், மூட்டையிலிருந்து மாதிரி எடுப்பவர் அதைத் தோற்கடித்துவிடலாம். அஃப்ளாடாக்சின் சரக்கு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒருசில பருப்புகளில் குவிந்திருக்கும். அரை கிராம் எடையுள்ள ஒரே பருப்பில் கிலோவுக்கு ஒரு லட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவில் நச்சு இருந்தால், அந்த ஒன்று மட்டுமே 10 கிலோ சுத்தமான கடலையைக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுபோய்விடும். மொத்த அஃப்ளாடாக்சினுக்கான ஐரோப்பிய வரம்பு 4. அந்தப் பருப்பு மாதிரிக்குள் வந்ததா இல்லையா என்பதே முடிவு. பல இடங்களிலிருந்து எடுத்த பெரிய மாதிரியை முழுவதும் நைசாக அரைத்துக் கலந்த பிறகே 5 கிராமை அளந்தெடுக்க வேண்டும் என்பதைச் சோதனைப் பெட்டியின் குறிப்புத்தாளில் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

சோதனைப் பட்டையாக மாற்றும்போது எதிர்ப்பொருளைத் தங்க நுண்துகள்களின்மேல் ஒட்டவைக்கிறோம். நல்ல தங்கக் கரைசல் செந்நிற ஒயினின் நிறத்தில் தெளிவாக இருக்கும். எதிர்ப்பொருள் போதிய அளவு துகளைப் போர்த்தியிருக்கிறதா என்று அறிய, அதில் உப்புக் கரைசலைச் சேர்ப்போம். போர்வை போதவில்லை என்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிவப்பு ஊதாவாக மாறிவிடும். சிவப்பாகவே நிற்கும் மிகக் குறைந்த எதிர்ப்பொருள் அளவைக் கண்டுபிடித்து அதற்குச் சற்று மேலே வைத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மிஞ்சினால், சலித்தெடுப்பில் பார்த்த அதே கதை இங்கேயும் நடக்கும்: எதிர்ப்பொருள் மிகுதியால் உணர்திறன் சரியும்.

பட்டையைப் படிப்பதிலும் ஓர் இடர் இருக்கிறது. சிறு மூலக்கூறுக்கான பட்டைகளில் நச்சு இருந்தால் சோதனைக் கோடு மங்கும் அல்லது மறையும். நச்சு இல்லாவிட்டால் இரண்டு கோடுகளும் தெரியும். கர்ப்பச் சோதனைப் பட்டைக்குப் பழகிய கண் இதை நேர்மாறாகவே படிக்கும். எனவே ஒப்பிட்டுப் பார்க்க வண்ணப்படம் ஒன்றைப் பெட்டிக்குள் வைப்பதும், படிக்க வேண்டிய நேரத்தைத் தெளிவாகக் குறிப்பதும் கட்டாயம். நேரம் கடந்தால் மங்கலான கோடு மெதுவாக அடர்ந்து நச்சுள்ள சரக்கையும் நல்லதாகக் காட்டக்கூடும். கோடு முழுவதும் மறையும் அளவைச் சட்ட வரம்பிலேயே வைக்காமல் அதற்குக் கீழே வைப்பதும் இதே காரணத்தால்தான். நல்ல சரக்கு ஒன்று சந்தேகத்துக்குள்ளாகி உறுதிச் சோதனைக்குப் போனால் இழப்பது ஒரு நாள். கெட்ட சரக்கு தப்பிப்போனால் அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.

உற்பத்தி தொடங்கிய பின், ஒவ்வொரு புதிய எதிர்ப்பொருள் தொகுதியையும் பழைய தொகுதியோடு ஒரே தட்டில், ஒரே கையால், ஒரே சேமிப்பு மாவில் ஒப்பிடுகிறோம். நிறம் பாதியாகக் குறையும் நச்சு அளவு, நச்சில்லாத குழியின் உச்ச நிறம், வளைவின் சரிவு ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் தொடர்ந்து குறித்துவருகிறோம். உச்ச நிறம் மட்டும் மெல்ல இறங்கினால் நொதி இணைப்பையோ நிறமியையோ சந்தேகிப்போம். பாதிக்குறைவு அளவு நகர்ந்தால், ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் செறிவு தெரிந்த நச்சுக் கரைசலான திட்டக் கரைசலின் செறிவைத்தான் முதலில் சரிபார்ப்போம். கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்வதாலும் ஒளியில் சிதைவதாலும் நச்சுக் கரைசல்தான் எதிர்ப்பொருளைவிட முன்னதாக மாறுகிறது. அதனால் அதைப் பழுப்புநிறக் குப்பியில், மெத்தனால் போன்ற கரிமக் கரைப்பானில், குளிர்நிலையில் வைத்து, ஒளி உறிஞ்சளவால் அவ்வப்போது அளந்து பதிவு செய்கிறோம்.